சம்ப்பில் கண்ட வெள்ளைக் கசடு

எண்ணெய் கறுத்துவிட்டது என்று குப்பியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஓடிவருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கறுக்கட்டுமே! என்ஜினுக்குள் உண்டாகிற கரியையெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு வருகிற எண்ணெய் பின்னே எப்படி இருக்கும்? கறுப்பைக் கண்டு நான் ஒருநாளும் பயந்தவன் இல்லை. ஒரே ஒரு தடவை வெள்ளையைக் கண்டு பயந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல எனக்கு வராது. குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டேதான் சொல்லுவேன், நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருங்கள்.

இன்றைக்கு உங்களுக்குப் பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் வருகிறது. கசடைப் படியவிடாமல் மிதக்கவைக்கிற மருந்து, அமிலத்தை அடக்குகிற மருந்து எல்லாம் அதிலேயே கலந்து வருகிறது. வடிகட்டி அடைத்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டுகிறீர்கள். யுத்தகாலத்தில் எங்களுக்கு அந்தப் பாக்கியம் ஏது? கப்பலில் வந்த புது எண்ணெயெல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. பஸ்களில் ஓடிக் கறுத்த எண்ணெயையே இறக்கி, தெளியவைத்து, அமிலம் விட்டுக் கழுவி, களிமண் பொடி போட்டுக் காய்ச்சி, கடைசியில் துணியில் வடித்துத் திரும்பவும் பஸ்களுக்கே ஊற்றுவோம். அந்தச் சமையலின் பக்குவத்தை விவரித்து உங்கள் பொழுதைக் கெடுக்கப்போவதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். சுத்தம் குறைந்த எண்ணெய் என்ஜினுக்குள் கசடாகப் படியும். அடியில் எண்ணெய் தேங்குகிற சம்ப்பில், பம்ப் உறிஞ்சுகிற வாயில் ஒரு கம்பிச் சல்லடை இருக்கும். கசடு போய் அதை அடைத்தால் பேரிங்குகளுக்கு எண்ணெய் ஏறாது. அவை சூடாகிப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற என்ஜின் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு பஸ் கம்பெனியின் வொர்க்‌ஷாப் அது. கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. என் வீடு கரமனை அக்கிரகாரத்தில். அதனால் வொர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் நான் ‘ஸ்வாமி’தான். என் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. எனக்கென்று ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, சில கண்ணாடிக் குப்பிகள். எண்ணெய் வடிக்கிற ஷெட் என் கையில் இல்லை, அது சூப்பிரண்டின் நேர் மேற்பார்வையில் இருந்தது. அங்கே நான் எட்டிப் பார்த்தாலே அவருக்கு மூக்கு சிவக்கும். ஷெட்டிலிருந்து குப்பியில் கொண்டுவந்து வைப்பதைச் சோதித்துச் சொல்வதோடு என் அதிகாரம் முடிந்தது.

இனி விபத்துக்கு வருகிறேன். வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற மலைவண்டி ஒன்று எங்களிடம் இருந்தது. மற்ற பஸ்களெல்லாம், பெட்ரோல் தட்டுப்பாட்டால், அடுப்புக்கரியை எரித்து எடுக்கிற கரிவாயுவில் ஓடின. மலைக்குக் கரிவாயு இழுக்காது என்பதால் அதற்கு மட்டும் பெட்ரோல் உண்டு. டிரைவர் ஞானமுத்து, பாறசாலைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டை எடுத்துக்கொடுக்கிற குரல். வளைவில் ஹாரன் அடிப்பதற்குப் பதிலாகப் பாடுவார் என்று பிரயாணிகள் கேலி செய்வார்கள்.

பனி இறங்கின ஒரு காலைநேரம். நெருக்கிப்பிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது என்ஜின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிட்டது. அத்தனை பாரத்தை பிரேக் தாங்கவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. ஞானமுத்து ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியின் பின்புறத்தை மலையோடு மோதவிட்டார். எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். பின்சீட்டில் இருந்த வேலம்மா என்கிற தோட்டத்துக் கூலிப் பெண்ணின் கால் மட்டும் நசுங்கிவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்து, எதிரே வந்த லாரியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அவர்தான். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். மறுநாள் காலையில் சம்ப்பைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் நின்றேன். சல்லடை முழுக்க, வெளியிலிருந்து ஒரு துளி உள்ளே போகமுடியாதபடி, வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கூழ் அப்பிக்கொண்டிருந்தது. பேரிங்குகள் வெந்துபோயிருந்தன. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனை தோன்றியது. தேங்காயெண்ணெய்!

அப்படித் தோன்றியதில் தப்பு சொல்ல முடியாது. அந்த நாளில் மோட்டார் எண்ணெய்க்கு ஆரியசாலைக் கடைத்தெருச் சந்துகளில் நல்ல கிராக்கி. சில டிரைவர்கள் நல்ல எண்ணெயை அங்கே விற்றுவிட்டு, கைக்கு அகப்பட்டதை ஊற்றி அளவைச் சரிக்கட்டுகிறார்கள் என்று ஊரே பேசியது. நம் ஊரில் கைக்கு அகப்படுவது தேங்காயெண்ணெய்தானே. மார்கழிக் குளிரில் வீட்டுக் குப்பியிலேயே வெள்ளையாக உறைந்துவிடுகிற சாமான், மலைக்குளிரில் உறையாமல் என்ன செய்யும்? கதை கச்சிதமாகப் பொருந்தியது. ஞானமுத்து விற்றுவிட்டார், ஊற்றிவிட்டார், அது உறைந்து சல்லடையை அடைத்துவிட்டது.

சூப்பிரண்டு என்னை அறைக்குள் கூப்பிட்டார். கெட்டிக்காரர், ஆனால் பொறுமை கிடையாது. அந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. மலையாளம் பாதி தமிழ் பாதியாகத்தான் என்னிடம் பேசுவார். சாயங்காலம் போலீஸ் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். யுத்தகாலத்தில் எண்ணெயைத் திருடுவது சாதாரணக் குற்றமில்லை, ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஸ்வாமீ, நமக்கு வேறெ வழியில்ல. கலப்படம்னு ஒரு வாக்கு எழுதி ஒப்பிட்டுத் தந்தா மதி. பாக்கியெல்லாம் போலீஸ் நோக்கிக்கும்.”

கலப்படம் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். கலப்படம் என்று எழுதினால் கலந்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று ஆகிவிடும். எண்ணெயில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் எனக்குப் படிப்பு. யார் போட்டது என்பது குப்பிக்குள் தெரியாது. சோதித்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். சாயங்காலத்துக்குள் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய்விட்டார்.

வெளியே புளியமரத்தடியில் ஞானமுத்து நின்றிருந்தார். சட்டையில் அந்தப் பெண்ணின் ரத்தம் காய்ந்திருந்தது. வீட்டுக்குப் போகவில்லை, மாற்றிக்கொள்ளவும் இல்லை. என்னைக் கண்டதும் கிட்டே வந்தார். கெஞ்சவில்லை, அழவில்லை. “நான் விக்கல்ல சாரே” என்றார். அவ்வளவுதான். அதுவரையில் நானும் தேங்காயெண்ணெய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்து அந்தக் கூழில் கொஞ்சத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. தேங்காயெண்ணெய் என்றால் என் கைச்சூட்டுக்கே உருகி ஓடியிருக்க வேண்டாமோ? இது உருகவில்லை. கொஞ்சம் கரண்டியில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் இலேசாகக் காட்டினேன். உருகுவதற்குப் பதிலாக இன்னும் கெட்டியாயிற்று. என்ன சனியன் இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இனி பெட்ரோலில் கழுவிப் பார்க்க வேண்டியதுதான். எண்ணெய், கொழுப்பு எதுவானாலும் பெட்ரோலில் கரைந்து போய்விடும், மிச்சம் நிற்பதுதான் நாம் தேடுகிற ஆள். ஸ்டோரில் பெட்ரோல் கேட்டால் உயிரைக் கேட்டதுபோல் பார்த்தார்கள். சண்டை போட்டு ஒரு குப்பி வாங்கிவந்து, கூழை அதில் கலக்கி வைத்தேன். கலக்கினால் போதாது, அடியில் தங்க வேண்டும். மேலே நிற்பதை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வேண்டும், திரும்பத் தங்க வேண்டும். அதை அவசரப்படுத்த முடியுமா? என்னைப்போன்ற ஆளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. குப்பியைப் பார்ப்பேன், வெளியே போவேன், ஞானமுத்து நிற்பதைப் பார்ப்பேன், உள்ளே வந்து திரும்பக் குப்பியைப் பார்ப்பேன். இரண்டு தடவை பொறுக்கமாட்டாமல் குப்பியைத் தூக்கி ஆட்டிவிட்டு, தங்கினதெல்லாம் கலங்கிப்போக என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் மிஞ்சினது ஒரு கரண்டி வெள்ளைப் பசை. நாற்றம் இல்லை, விரலுக்கிடையில் இழுத்தால் ஒட்டியது. அதைச் சுடரில் நன்றாகக் காட்டிக் கருக்கினேன். கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை! அடுப்பில் மறந்துபோன சோற்றுப்பானை அடிப்பிடித்தால் வருமே, அதே வாசனை. மோட்டார் வொர்க்‌ஷாப்பில் சோறு தீய்கிறது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து டிங்க்சர் அயோடினை எடுத்து வந்து, மீதிப் பசையில் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறிற்று. மாவுச்சத்து. காலேஜில் முதல் வருஷம் உருளைக்கிழங்கில் செய்து பார்த்த சோதனைதான். அந்தச் சோற்று வாசனையும் சேர்ந்தால் வடிகஞ்சிதான், அது எப்படியோ என்ஜினுக்குள் போய், ரேடியேட்டரில் கசிந்த ஈரமும் மலைப்பனியும் சேர்ந்து சூட்டில் வெந்து, பசையாகிச் சல்லடையை மூடியிருக்கிறது.

சூப்பிரண்டிடம் ஓடினேன். அவர் குப்பியைப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காததைச் சொன்னார். தேங்காயெண்ணெய் இல்லையென்றால் கஞ்சித்தண்ணீரை ஊற்றியிருக்கிறான், அது இன்னும் மோசம் என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன், எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒரு வண்டியை மட்டும் வைத்துக்கொண்டு, கஞ்சி கலந்தது மலையிலா ஷெட்டிலா என்று எப்படிச் சொல்வது? அதே எண்ணெய் ஊற்றின இன்னொரு வண்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். ஓடுகிற வண்டியை நிறுத்தக் கூடாது, இருப்பதே குறைவு, ஆபீஸ்காரர்கள் நடந்து போகவா என்று கத்தினார்.

அவர் கத்தட்டும் என்று விட்டேன். ஒரு ஸ்பானரையும் காலிக் குப்பியையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் நின்றேன். அந்த வாரம் அதே எண்ணெய் ஊற்றின டவுன் பஸ் கரமனைக்கு வந்து திரும்புகிற நேரம். வண்டி நின்றதும் டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஞானமுத்துவின் பெயரைக் கேட்டதும் அவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தேன். அடியிலிருக்கிற திருகை இளக்கி, முதலில் வந்த எண்ணெயைக் குப்பியில் பிடித்தேன். அடியில் தேங்குவதுதானே முதலில் வரும். சட்டையெல்லாம் கறுப்பு. வண்டி நிறைய என் தெருக்காரர்கள். கோவிலுக்குப் போக ஏறியிருந்த அடுத்த வீட்டு மாமி தலையை வெளியே நீட்டி, நடை சாத்துகிற நேரத்தில்தான் வண்டிக்குப் பேதிக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், அன்றைக்கு முடியவில்லை.

அறைக்குத் திரும்பி அதையும் கழுவினேன். இந்தத் தடவை குப்பியை ஆட்டக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். அடியில் நூல்கனத்துக்கு வெள்ளை தங்கியது. டவுன் வண்டிக்குக் குளிரும் இல்லை, ஏற்றமும் இல்லை. அதனால் இன்னும் சல்லடையை மூடுகிற அளவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அயோடின் விட்டேன். நீலம்.

இரண்டு டிரைவர்கள், இரண்டு வண்டி, ஒரே எண்ணெய், ஒரே கஞ்சி. ஷெட்டிலிருந்து எனக்கு வந்த குப்பி அந்த வாரமும் சுத்தமாகத்தானே இருந்தது? நானே சோதித்தேனே! அப்போதுதான் உறைத்தது. எனக்கு அனுப்புகிற எண்ணெய், துணியில் வடிப்பதற்கு முன்பே எடுப்பது. அதுதான் ஆரம்பத்திலிருந்து அங்கே வழக்கம். கடைசியில் வெறும் துணி என்ன செய்துவிடும் என்று எல்லோருக்கும் நினைப்பு.

ஷெட்டுக்குள் நேராக நுழைந்தேன். யாரும் தடுக்கவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கும். மூலை அலமாரியில் வடிகட்டுகிற துணிகள் அடுக்கியிருந்தன. வெள்ளை வெளேரென்று, நாலாக மடித்து, இஸ்திரி போட்டு, கல்யாணத்துக்குப் போகிற அங்கவஸ்திரம்போல் இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். மொடமொடவென்று நின்றது. கையால் கசக்கினபோது பொடி உதிர்ந்தது. அயோடின் குப்பியை எடுத்து அதன்மேல் அப்படியே கவிழ்த்தேன்.

அந்தத் துணிகளை அதுவரைக்கும் ஷெட் ஆட்களே சோடாவில் வேகவைத்து அலசிக் காயப்போடுவார்கள். கறுத்த கந்தல்களாகத்தான் தொங்கும், அழகு பார்க்க முடியாது. முந்தின மாசம் மேலிடத்து அதிகாரி ஒருவர் சுற்றிப் பார்க்க வந்தவர், இதென்ன அசிங்கம் என்று முகம் சுளித்துவிட்டுப் போனார். நம் சூப்பிரண்டுக்கு மானம் போய்விட்டது. இனிமேல் இவையெல்லாம் வெளுக்கப் போகட்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளையாக வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். நம் ஊரில் வெளுத்துவந்த துணியென்றால் கஞ்சி போட்டதுதான். அதை யாரும் தனியாக நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. சுத்தத்துக்கு அடையாளமே அந்த மொடமொடப்புத்தானே.

சூப்பிரண்டை ஷெட்டுக்கே கூட்டிவந்து நீலத் துணியைக் காட்டினேன். அவர் பார்த்தார். தம்மையறியாமல் தம்முடைய சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு முகம் சிவந்து, அந்த வெளுக்கிறவளைக் கூப்பிடு என்றார். ஆற்றங்கரையிலிருந்து இசக்கியைக் கூட்டிவந்தார்கள். ஈரச்சேலையோடு வந்து நின்றாள். யார் உன்னைக் கஞ்சி போடச் சொன்னது என்று அவர் கேட்டதும் அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது.

“பெரிய சார் வீட்டு மூட்டையோடதானே இதும் வந்துச்சு. பெரிய சார் துணிக்குக் கஞ்சி குறைஞ்சா திருப்பி விடுவாங்களே. இப்ப எங்க வீட்டுல ஏது வடிகஞ்சி? சார் வீட்டு அம்மாட்ட தூக்குல வாங்கிட்டுப் போயில்லா போட்டேன், சாமி.”

கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்ன பெரிய சாரான சூப்பிரண்டைப் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, இனி இவளுக்குத் துணி போடக் கூடாது என்றார். எனக்கு அதுவரையில் அடக்கிவைத்திருந்த கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. காலையில் ஒரு ஆளைத் தேடினீர்கள், அவர் இல்லையென்றதும் இப்போது இன்னொரு ஆளா என்று கேட்டுவிட்டேன். அந்த வேலையில் இருந்த காலத்தில் அவரிடம் அப்படிப் பேசினது அது ஒரு தடவைதான்.

அறிக்கை எழுதினேன். கசடில் இருப்பது அரிசிக்கஞ்சி என்று எழுதினேன். அதே எண்ணெய் ஊற்றின இன்னொரு வண்டியிலும் இருக்கிறது, ஆகவே டிரைவருக்குச் சம்பந்தமில்லை என்று எழுதினேன். வடிகட்டும் துணிகளை உடுப்புகளோடு சேர்த்து வெளுக்க அனுப்பச் சொன்ன உத்தரவிலிருந்து வந்தது என்றும், அவற்றுக்குக் கஞ்சி ஆகாது என்று வெளுப்பவரிடம் எவரும் சொல்லவில்லை என்றும் எழுதினேன். கடைசி வரியை எடுத்துவிடலாமே ஸ்வாமி என்றார். அந்த வரியை எடுத்தால் கையெழுத்தும் கிடையாது என்றேன். கடைசியில் அப்படியே வாங்கிக்கொண்டார். அவரும் கெட்ட மனுஷர் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து, வாசித்து, காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். இசக்கியும் தொடர்ந்து வெளுத்தாள். வடிகட்டுகிற துணி மட்டும் பழையபடி கறுத்த கந்தலாகக் கொடியில் தொங்கியது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதில் இரண்டு இருக்கிறது. கடைசிக் கை பட்ட பிறகு எண்ணெயை எடுத்துச் சோதியுங்கள், அதற்கு முன்பு எடுத்ததில் மயங்காதீர்கள். அடுத்தது, அவசரப்படுத்துகிறவன் முன்னால் உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், அவனுக்கு வேண்டியதை எழுதாதீர்கள். இதோடு முடித்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் ஞானமுத்து அன்றைக்கு என்னை அதோடு விடவில்லை.

விடுவித்தாயிற்று, வேலைக்கு வரலாம் என்று நானே போய் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அப்படியேதான் நின்றார். “பேப்பரு எனக்கு வேண்டாம் சாரே. அந்தப் பொம்பளகிட்ட நீங்க வந்து சொல்லணும்” என்றார். ஊர்ப்பேச்சை நம்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள், டிரைவர் எண்ணெயை விற்றுத் தின்றுவிட்டான் என்று. மயக்கத்துக்குப் போகும் முன் அவள் அவரைப் பார்த்து, என் காலை வித்துத் தின்னுட்டியே என்று சொன்னாளாம். அவருக்குக் கம்பெனி பெரிதாக இல்லை, போலீஸ் பெரிதாக இல்லை. அந்தச் சொல்தான் அவரைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. நேரமாகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் இழுத்தேன். அவர் நகரவில்லை. சரியென்று கிளம்பினேன்.

பொம்பளை வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் வேலம்மா படுத்திருந்தாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பம். ஞானமுத்துவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் சுவரோரம் நின்றுவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தேன். சல்லடை, பேரிங், அமிலம் என்று என் பாஷையில் கொஞ்சம் உளறினேன். அவள் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினேன். பிறகு அவளுக்குப் புரிகிறபடி சொன்னேன். எண்ணெய் வடிக்கிற துணிக்குத் தெரியாமல் கஞ்சி போட்டுவிட்டார்கள், அந்தக் கஞ்சி என்ஜினுக்குள் போய் அடைத்துக்கொண்டது, இவர் எதையும் விற்கவில்லை, எதையும் கலக்கவில்லை, இவர் ஸ்டியரிங்கை ஒடிக்காவிட்டால் வண்டி பள்ளத்துக்குள் போயிருக்கும் என்றேன்.

அவள் ஞானமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். “நீரு திங்கல. நாந்தான் வாயில வந்ததச் சொல்லிப்புட்டேன். போங்க அண்ணாச்சி, போய் மாத்துத்துணி உடுத்துங்க” என்றாள். ஞானமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. வந்த வேலை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கிளம்பப்போனேன்.

அவள் என்னைக் கையமர்த்தினாள். பர்மா அரிசி நின்றுபோய் ஊரெல்லாம் பஞ்சமாயிருந்த நேரம் அது, வித்துராவில் ரேஷன் அரிசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, விபத்துக்கு முந்தின நாளே மலையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்றதைச் சொன்னாள். இவள் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டதாம். மறுநாளாவது வருமென்று கடைவாசலிலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள். வராது என்றதும் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, காலையில் முதல் வண்டியாக எங்கள் வண்டியில் ஏறியிருக்கிறாள். வீட்டில் பிள்ளைகள் அரிசி வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு பிடி கிடைத்தாலும் தண்ணீரை வடிக்காமல் அப்படியே கரைத்துத்தான் குடிப்போம் என்றாள். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“சோறு வடிச்சு, கஞ்சியத் துணிக்குக் குடுக்க வீடு இப்பவும் இருக்கா, சாமி?”

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“இருக்கு” என்றேன்.